ஒற்றைக் கொம்பு

ஐயா, நீங்கள் கொடுத்த பேனா நன்றாகவே எழுதுகிறது. கொஞ்சம் கசிகிறது, அவ்வளவுதான். வேறு யாரையாவது எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். சிமென்ட் மூட்டையையும் பேருந்துப் பலகையையும் பார்த்து, நரைத்த பிறகு எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். என் வாக்குமூலத்தை நானே எழுதினால்தான் எனக்குத் திருப்தி.

முதலில் மிஷினைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மரப்பட்டறையில் இருப்பது பட்டை ரம்பம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் வளைய வாள். வாள் வழுக்காமல் இருக்கச் சக்கர விளிம்பில் ஒரு ரப்பர் டயர் ஒட்டியிருக்கும். அது தேய்ந்தால் வாள் ஆடும், மரம் கோணும். தேய்ந்ததை உரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதியதை வெந்நீரில் போட்டு இளக்கி, இழுத்து மாட்டி ஒட்டுவது என் வேலை. மறுநாள் வரை பசை காய வேண்டும். அதுவரை யாரும் சுவிட்சைப் போடாமலிருக்க, மேல் சக்கரத்தை மூடும் கதவில் சாக்பீஸால் 'தொடாதே' என்று எழுதிவைப்பது பட்டறை வழக்கம்.

மிஷினை ஓட்டுபவன் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். மரத்தை அறுப்பதைவிட வாயால் அறுப்பதில் கெட்டிக்காரன். கதவில் எழுதுவதும் அவன்தான். போன தடவை ரப்பர் மாற்றியபோது, நமக்குத்தான் எழுத வருகிறதே என்று நான் எழுதினேன். ஒற்றைக் கொம்பு போட வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பு விழுந்துவிட்டது.

"தோடாதேவா? ஏன் மாப்ள, என் தங்கச்சிக்குத் தோடு வாங்கித் தர வக்கில்லைன்னு கதவுல எழுதி வச்சிருக்கியா?" என்றான். பட்டறையே சிரித்தது. "எழுத்து தெரிஞ்சதும் மாப்ளைக்கு ரெண்டு கொம்பு முளைச்சிருச்சு, பாருங்கடா!"

அன்றிலிருந்து என் பெயர் தோடு. தோடு, பசையை எடுத்துட்டு வா. தோடு, தூளைக் கூட்டு. வீட்டுக்குப் போனால் மனைவி காதைத் தடவிக்கொண்டே, "எங்கண்ணன் சொன்னது நெசமாங்க?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கோபப்படுகிற ஆள் இல்லை நான். பெரிய படிப்பாளிகள், பாவம், இவர்களுக்கும் சிரிக்க ஏதாவது வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

ரப்பர் மறுபடி தேய்ந்தது. காலையிலேயே மச்சான் சொல்லிவிட்டான்: "தோடு, இந்தத் தடவை எழுதிக் கிழிக்க வேணாம். வாயால சொல்லு, போதும்."

மனைவியின் அண்ணன் சொல்லைத் தட்டலாமா? எழுதவில்லை. அன்றே ஒட்ட வேண்டிய ரப்பரை, மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகுதான் ஒட்டினேன். பசை ஈரமாக இருக்கும்போதே வாளையும் மாட்டி இறுக்கிவிட்டால் ரப்பர் நன்றாகப் படியும் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருடங்களில் அப்படித் தோன்றியதில்லை. அன்று தோன்றியது. பசைக்குக் காற்று வேண்டும் என்பதால் கதவின் தாழையும் போடவில்லை.

மற்றவர்கள் இன்னும் சாப்பிட்டுத் திரும்பவில்லை. மச்சான் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தான்.

"என்ன தோடு, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மச்சான்."

இதில் பொய் எங்கே இருக்கிறது? என் வேலை முடிந்துதான் இருந்தது. பசையின் வேலையைப் பற்றி அவன் கேட்கவில்லை. மரத்தூள் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

சுவிட்சைப் போட்டான். வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி ரப்பர் சுருண்டு வந்தது. வாள் சக்கரத்தை விட்டு எகிறி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அவன் கழுத்து அந்த உயரத்தில் இருந்தது. என்னைப் பார்த்து 'தோ' என்று ஆரம்பித்தான். வாயால் அறுப்பவன், அன்று ஒரு சொல்லைக்கூட முடிக்கவில்லை.

மற்றவர்களைக் கூப்பிடுவதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்தேன். மிஷினை நிறுத்தி, கதவைச் சாத்தி, சாக்பீஸை எடுத்து எழுதினேன். அவசரப்படவில்லை. ஒற்றைக் கொம்பு. த. கால். கதவு நனைந்திருந்ததால் 'டா' மட்டும் சிவந்துவிட்டது. அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். ரத்தம் அடியில் இருக்கிறது, எழுத்து மேலே இருக்கிறது என்றீர்கள். கெட்டிக்காரர்தான். ஆனால் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டறை முழுக்க அந்தக் கதவுக்கு முன்னால் நின்றது. ஒருவன்கூட வாய்விட்டுப் படிக்கவில்லை. என் மனைவி வந்தாள், மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தப்பாக எழுதினால் மட்டும் எல்லோருக்கும் கண் தெரிகிறது.

ஆமாம், நான்தான் செய்தேன். அவன் பிழைக்க மாட்டான் என்று தெரிந்தே செய்தேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன், கைநாட்டு இல்லை. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். நீங்களும் படித்துப் பாருங்கள் ஐயா. என்னிடம் ஒரு பிழையும் இல்லை.