ஸ்டூல் பிடித்த கிறிஸ்மஸ் தாத்தா

— ஸ்டூல நல்லாப் பிடிடே, ஜிபினு. ஆடுது பாரு. நான் விழுந்து கால முறிச்சுக்கிட்டா ஞாயித்துக்கிழமை கிறிஸ்மஸ் செய்தி குடுக்க ஆளில்ல.

— என்னாங்க, கரோல் பாட வந்த தாத்தாவையா ஸ்டூல் பிடிக்கச் சொல்லுவாங்க? சிவப்பு அங்கியும் தாடி வச்ச முகமூடியுமாட்டு அது அங்ஙன நிக்கது பாவமா இருக்கு. இறங்குங்க.

— ஒரு நிமிஷம், பிரேமா. இந்தத் தெருவுல நட்சத்திரம் கட்டாத வீடு நம்ம வீடு மட்டும் ஆக்கும். சபைச் செயலாளர் வீடு இருட்டாக் கெடந்தா நாலு பேரு என்ன சொல்லுவான்? பாட வந்த மத்த பிள்ளைங்க எங்க?

— அடுத்த வீட்டுல கட்டஞ்சாயா குடிக்காங்க. தாத்தாவ மட்டும் நாந்தான் இங்க பிடிச்சு நிறுத்தினேன்.

— கொள்ளாம். ஜிபினு, அந்த வயர எடுத்துத் தா. கையுறைய மாட்டிக்கிட்டு பிடிச்சா வழுக்கத்தான் செய்யும். என்னடே இந்த வருஷம் இப்பிடி மெலிஞ்சு போன? வயித்துல தலகாணி வச்சுக் கெட்டல்லியா? கேக்குறேன், வாயத் தொறக்கானா பாரு.

— தாத்தா வேஷம் போட்டவன் பேசப்பிடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதான? வீடு வீடா நின்னு கத பேசி நேரத்தக் கெடுக்கானுவன்னு சொன்னது மறந்து போச்சோ?

— சட்டம் போட்டதுனாலதான் ராத்திரி பத்து மணிக்குள்ள கரோல் முடியுது.

— அது சரி. செய்தி எழுதி முடிச்சாச்சா?

— எங்க முடிக்க? சாலை பஜாருக் கடையில லைட்டு மால வாங்க வந்த கூட்டம் மூச்சு விட விடல்ல. சபைக்காரங்க எல்லாருக்கும் கேக்கு பொதியணும். தொழுவம் கெட்டுற புல்கூடு போட்டிக்கு ஒரு ஜட்ஜக் கண்டுபிடிக்கணும். பாதியில நிக்குது.

— பாதின்னா எதுவர?

— வழக்கமாச் சொல்றதுதான். மனுசன் ஏறிப்போய் கடவுளப் பிடிக்கல்ல, அவராக்கும் இறங்கி வந்தது. ராஜா வந்த மாதிரி இல்ல. சாணி நாறுற தொழுவத்துல, பால் குடிக்கிற பிள்ளையா. அதுவரைக்கும் வருஷா வருஷம் கை தானா எழுதும். இந்தத் தடவ அதுக்கு மேல பேனா ஓடல்ல.

— எனக்குத் தெரியும் ஏன் ஓடல்லன்னு. கல்லாறுக்கு ராகேலப் பாக்க எப்பப் போறோம்?

— ஆரம்பிச்சாச்சா? கிறிஸ்மஸ் கழியட்டும், பாப்போம்.

— அம்மாவ அடக்கம் பண்ணி எத்தன கிறிஸ்மஸ் கழிஞ்சாச்சு. உங்களுக்கு இருக்கது ஒரே ஒரு தங்கச்சி.

— ஜிபின் நிக்கான். வீட்டுக் காரியத்த இவன் முன்னால எதுக்கு?

— கேக்கட்டும், சாரமில்ல. சபைக்கே தெரிஞ்ச காரியம்தான். அன்னைக்கு மழையில மலப்பாதையில மரம் விழுந்து ராகேல் வந்த பஸ் நின்னு போச்சு. அர மணிக்கூர் பொறுக்கச் சொல்லுங்கண்ணின்னு எனக்குப் போன் பண்ணி அழுதா. நான் வந்து சொன்னேனா இல்லியா? நீங்க பெட்டிய மூடச் சொன்னீங்க. பெத்த தாய் முகத்த அவ கடைசியா ஒருக்காப் பாக்கல்ல.

— போதகருக்கு அடுத்தது ஒரு கல்யாணம் இருந்துது, பிரேமா. குழி வெட்டின ஆளுங்க மழையில நனஞ்சு நின்னானுவ. பந்தல்காரன் ஒரு பக்கம் அவசரப்படுத்துறான். எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

— அவளுக்கு என்ன பதில் சொன்னீங்க?

— அவ வந்து சேந்தப்ப மண்ணு போட்டாச்சு. நனஞ்ச சேலையோட அப்பிடியே திரும்பிப் போனா. ஏண்டே ஜிபினு, நீ எங்க பாத்துட்டு நிக்க? ஸ்டூலப் பிடி.

— அவ உங்களுக்கு ஆள் விட்டுப் பாத்தா. ஈஸ்டருக்குப் போன் பண்ணினா, மீட்டிங்குன்னு சொல்லி வச்சீங்க. அவளுக்குக் கோபம் போயி காலம் எத்தனையாச்சு, கேட்டேளா? நீங்கதான் ஓடி ஒளியிறது.

— வெக்கமா இருக்கு, பிள்ள. போதுமா? அவ என்னைய நாலு கெட்ட வார்த்த திட்டியிருந்தா மறுநாளே போயிருப்பேன். அவ என்னடான்னா கேக்கு செஞ்சு குடுத்து விடுறா. தொண்டையில இறங்கல்ல எனக்கு. கல்லாறு போற வழியில விதுரா வரைக்கும் வண்டிய எடுத்துட்டுப் போனேன், ரெண்டு தடவ. அங்கயிருந்து திரும்பி வந்துட்டேன். என்ன முகத்த வச்சிட்டு அவ வாசல்ல போய் நிக்கச் சொல்ற?

— இத எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லியே.

— சொல்லத்தான் நேரம் எங்க? வயரச் சொருகு. எரியுதா?

— எரியுது. நல்லா எரியுது. இறங்குங்க.

— கொள்ளாம். பிரேமா, நீ ஏன் கண்ணத் தொடைக்க? பழைய கதைய நீயே எடுத்து நீயே அழு. இவனப் பாரு, இவனுக்கும் தோள் குலுங்குது. பனியாடே? அந்தச் சாயாவ இவன்கிட்ட குடு.

— நீங்க குடுங்க. உங்க கையால குடுங்க.

— இதுக்கும் நாந்தானா? இந்தா, சூடா இருக்கு, பாத்து. முகமூடியோட எப்பிடிடே குடிப்ப?

— நீ வரமாட்டேன்னு தெரிஞ்சுபோச்சுண்ணே, அதான் நானே வந்துட்டேன். இந்த மூஞ்சிய உன் கையால கழத்தி விடு.