சும்மா அடித்த ஆணி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில், வெவ்வேறு கம்பெனிச் சீருடையில் இரண்டு தோழிகள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். வெகுநாள் கழித்துச் சந்தித்தவர்கள் போலிருந்தது. சன்னலோரத்துக்காரி குதிக்காத குறையாகச் சொன்னாள்:

“நேத்து சும்மாவே நாலு ஆணி அடிச்சேன்டி!”

“எதை மாட்ட?”

“எதையும் மாட்டல. இப்ப சொந்த ஊடு, யாரு கேப்பா? வாடகைக்கு இருந்தப்ப காலண்டர் மாட்டக்கூட ஓனரம்மா உடலயே! சாமி படத்தையெல்லாம் பீரோ மேல சாச்சு வச்சிருந்தேன்.”

“ஊட்டுக்காரரு திட்டலயா?”

“சுத்தியப் புடுங்கி அவரும் ரெண்டு அடிச்சாரு!”

தோழி சிரித்தாள். “நான் இன்னும் வாடகை ஊட்டுல டேப்புதான் ஒட்டிக்கிட்டிருக்கேன்.”

“ஞாயித்துக்கெழம வா. ஹால்ல ஒரு செவுரு தொடாம வச்சிருக்கேன். ஆசை தீர அடி.”

சூளகிரியில் இறங்கும்போது தோழி திரும்பிக் கத்தினாள்: “ஆணி நான் வாங்கியாறேன்!”