கருவாட்டு மாடி

நாகப்பட்டினத்திலிருந்து நன்னிலம் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டிலிருந்த மீன்காரம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“எங்க வீட்டு மழைத்தண்ணியில கருவாட்டு வாசம் அடிச்சுதுங்க.”

“மழைத்தண்ணியிலயா?”

“மாடியில கருவாடு காயப்போடுறோம்ல. மழை அந்தத் தரையைக் கழுவி நேரா தொட்டிக்குக் கொண்டாந்துடும். அந்தத் தண்ணியில போட்ட காப்பியைச் சம்பந்தியம்மா ஒரு வாய் குடிச்சுட்டுக் கீழ வச்சுட்டாங்க.”

“கருவாட்டை நிறுத்திட்டீங்களா?”

“அதெப்படிங்க நிறுத்துறது? எங்க வீட்டுக்காரரு தொட்டிக்கு முன்னால தனியா ஒரு பைப்பு வச்சாரு. முதல்ல வர்ற அழுக்குத்தண்ணி அது வழியா வெளியில போயிடும். அப்புறம் வர்றதுதான் தொட்டிக்கு.”

“சம்பந்தியம்மா?”

“போன வாரம் வந்து ரெண்டு டம்ளர் குடிச்சாங்க. பூனைங்கதான் மாறிப்போச்சு. தூறல் விழுந்தாலே ஓடி ஒளியுறதுங்க, இப்ப நனைஞ்சுக்கிட்டே அந்தப் பைப்படியில வந்து வரிசையா உக்காந்துடுதுங்க.”