விதி எண் பதினாலு

ஆமா சார், உங்க குரல்தான். உங்க குரல்ல எங்க அம்மாகிட்டப் பேசினது நான்தான். விடுதியை விட்டு அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கேளுங்க.

மத்தவங்க குரலும் வரும், ஆனா உங்களுதுதான் சுலபம். ம்ஹ்ம்னு ஒரு செருமல். அப்புறம், பாருங்கம்மா, விதின்னா விதி. அவ்வளவுதான், பாதி வார்டன் ரெடி. முறைக்காதீங்க சார், முறைக்கிறதும் எனக்கு வரும்.

என்ன சொன்னேனா? விதி எண் பதினாலு. மாணவர்கள் அழுக்குத் துணியை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, இங்கேயே தானே துவைச்சுக்கணும். நம்ம விதிப் பலகை பதிமூணோட முடியுதுன்னு தெரியும் சார். கீழே கொஞ்சம் இடம் காலியா இருந்துச்சு.

நானா? நான் எங்க துவைச்சேன். சனிக்கிழமையானா மூட்டையோட பஸ் ஏறிடுவேன். போன மாசம் பேச்சுப் போட்டி ஞாபகம் இருக்கா? தன் துணியைத் தானே துவைக்காதவன் நாட்டை எப்படித் துவைப்பான்னு மேஜையைத் தட்டினேனே. நாட்டை எதுக்குத் துவைக்கணும்னு நீங்களும் கேக்கல, முதல் பரிசு குடுத்துட்டீங்க. என் வாழ்க்கையில நான் வெளுத்து வாங்கினது அது ஒண்ணுதான். போட்டிருந்த சட்டை அம்மா துவைச்சது. கோப்பை அடிபடக் கூடாதுன்னு அழுக்கு பனியன்ல சுத்தி எடுத்துட்டுப் போனேன். அம்மா பனியனைத் துவைச்சுக் காயப் போட்டுட்டுதான் கோப்பையைப் பாத்தாங்க.

இப்ப நானே துவைக்கிறேன் சார். இந்தச் சட்டை வாங்கும்போது வெள்ளை. சிவப்புத் துண்டோட ஊறப் போட்டுட்டேன். மாடி முழுக்க என் பேரு ரோஸ். முந்தாநேத்து சோப்புத் தூளைக் கவுத்ததுல நுரை வராண்டா வரைக்கும் வந்து, சமையல்கார அண்ணன் குண்டானோட சறுக்கிக்கிட்டே போனாரு. நடந்து போற நேரம் மிச்சம்னேன். அவர் திட்டினதையும் செஞ்சு காட்டுவேன், உங்க முன்னாடி வேணாம்.

ஃபோன்ல ஒரே ஒரு இடத்துல சொதப்பிட்டேன். வைக்கப் போறப்ப, உங்க குரல்லயே, சாப்பிட்டியாம்மான்னு கேட்டுட்டேன். அம்மான்னது பரவால்ல, நீங்களும் அப்படித்தான் சொல்வீங்க. சாப்பிட்டீங்களான்னு வந்திருக்கணும். பழக்க தோஷம். அந்தப் பக்கம் குழாயை மூடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், சாப்பிட்டேன் சார்னாங்க.

தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருந்தா நேத்து உங்களைக் கூப்பிட்டு, போர்வை மட்டும் நான் துவைச்சுத் தரேன் சார், பையனுக்கு அது கனம்னு எதுக்குக் கெஞ்சப் போறாங்க?

நேரா சொல்லிப் பாத்தேன் சார். நானே துவைச்சுக்கிறேம்மான்னேன். இருங்க, குரல் மாத்திக்கிறேன். நீ துவைச்சா காலர் அழுக்கு காலர்லயே குடியிருக்கும்டா, கொண்டா இங்க. பையைப் பிடுங்கிட்டாங்க. இடது கையால.

எங்க அம்மா இடது கைக்காரங்க இல்ல சார்.

அதுக்கு முந்தின வாரம் சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போயிருந்தேன். என் ஜீன்ஸோட ஒரு காலைக் குழாயில கட்டிட்டு, இன்னொரு காலை இடது கையால முறுக்கிப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. வலது கை சும்மா மடியில கிடந்துச்சு. நான் சிரிச்சேன் சார். என்னம்மா, ஓடிடும்னு கட்டி வச்சிருக்கியான்னு. அப்புறம்தான் பாத்தேன், அந்தக் கையைத் தோளுக்கு மேல தூக்க வரல. லேசான பிடிப்புடா, யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. வார்டன் சொன்னா கேப்பாங்க.

இதோ அடிக்குது பாருங்க, அம்மா நம்பர்தான். யோசிச்சுச் சொல்றேன், இன்னிக்குக் கூப்பிடுங்கன்னீங்களாமே. நீங்களே எடுங்க சார். போர்வையும் கூடாது, விதி பதினாலு. முதல்ல அந்தச் செருமல், மறந்துடாதீங்க. கடைசியில சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை.

இல்ல சார், சாப்பிட்டியாம்மான்னே கேட்டுடுங்க. இல்லேன்னா வேற யாரோ பேசுறாங்கன்னு கண்டுபிடிச்சுடுவாங்க.