தேர் நிற்கும் வீடு

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சுவரைக் கழுவ வேண்டும், சார். பாதிப் பேர் அதில்தான் கோட்டை விடுகிறார்கள். எங்கள் ராயபுரத்தில் கடல் காற்று சுவரிலேயே உப்பாகப் படிந்துவிடும். அதன் மேல் எவ்வளவு நல்ல பெயிண்டை அடித்தாலும் அடுத்த மழைக்குப் பொருக்குப் பொருக்காக உரிந்து விழும். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவன். பெயிண்டருக்குக் கூலி கொடுக்க வசதியில்லை. கழுவியது, சுரண்டியது, பூசியது எல்லாம் நானேதான். உள்ளே வரும்போது முகப்பைப் பார்த்திருப்பீர்கள். எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். தேருக்காகத்தான். எங்கள் கோயில் திருவிழாவின் கடைசி நாள் மாதாவின் தேர் இந்தத் தெரு வழியாக வரும். ஏதாவது ஒரு வீட்டு முன்னால் நிறுத்தி ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்கத் தெருவில் தனி மரியாதை. எதிர்வீட்டு டெரிக் விழாக் கமிட்டியில் இருக்கிறான், அதனால் எப்போதும் அவன் வாசல்தான். இந்த வருஷம் வெட்கத்தை விட்டு அவனிடம் கேட்டேன். சிரித்தான்.

"உன் வூட்டாண்ட எப்படி மாமு நிறுத்துறது? அந்த இரும்புப் படி ரோட்டு வரைக்கும் துருத்திகினு கீது. தேர் முட்டும். செவுத்தப் பாரு, ஒரே கலீஜு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவன் சொன்னதில் தப்பும் இல்லை. மாடிக்கு ஏற வெளியே அந்த இரும்புப் படி ஒன்றுதான் வழி. மாடியில் ஒரே அறை, அதில் என் அக்கா ஃப்ளோரன்ஸ். கல்யாணம் ஆகாதவள், மூட்டுவலிக்காரி. மேலே குழாய் கிடையாது. தண்ணீரை நான்தான் குடத்தில் ஏற்றிக் கொடுப்பேன். பொழுதுக்கும் படியில் உட்கார்ந்து போகிறவன் வருகிறவனையெல்லாம் வைதுகொண்டிருப்பாள். முப்பது வருஷமாக இதே கதை. அவள் கத்தினால் தெருவில் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை, சார். கேட்டதற்குச் சொல்கிறேன்.

படியை எடுக்கப்போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

"எட்த்துக்கோ. துரு புட்ச்சு எனக்கே பயமா கீது. ஆனா புதுசு சீக்கிரம் வெச்சுடு நைனா. என்னை மேல குந்த வெச்சுட்டு பேஜாரு பண்ணாத."

வெல்டர் வந்து அறுத்துக் கொடுத்தான். சாத்தாங்காடு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். அந்தக் காசில்தான் பட்டி, ப்ரைமர், பெயிண்ட் எல்லாம். கையில் காசில்லாமல் வீட்டை மாற்ற நினைப்பவன் முதலில் வீட்டில் வேண்டாததைக் கழிக்க வேண்டும்.

படி போனதும் மாடிக் கதவு அந்தரத்தில் திறந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆபத்தும்கூட. பழக்க தோஷத்தில் காலை வெளியே வைத்துவிட்டால் என்ன ஆவது? அதனால் கதவை மூடி, அதன்மேல் சிமென்ட் ஷீட்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, ஓரமெல்லாம் பட்டி வைத்துத் தேய்த்தேன். அங்கே ஒரு கதவு இருந்தது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவளுக்குக் கம்பி போட்ட ஜன்னல் இருந்தது. அதன் வழியாகக் கயிற்றில் ஒரு துணிப்பையை இறக்குவாள், நான் இட்லியும் தண்ணீர் பாட்டிலும் வைத்து அனுப்புவேன்.

ஒரு நாள் பையிலிருந்து மீன் குழம்பு கொட்டிவிட்டது. முதல் கோட் அப்போதுதான் காய்ந்திருந்தது. அதன்மேல் மேலிருந்து கீழ்வரை மஞ்சளாக ஒரு கோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை முடிகிறவரை பை வேண்டாம் என்று ஏணியில் ஏறிக் கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது கோட் பெயிண்டை ஜன்னலைச் சுற்றி அடிக்கும்போது நானும் அவளும் நேருக்கு நேர். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லியோனார்ட், தொண்ட காயுதுடா. ஒரு சொம்பு தண்ணி குடு."

"இரு அக்கா, இந்த ஓரத்த முடிச்சிக்கிறேன்."

ஓரம் முடியும்போது இருட்டிவிட்டது. உடம்பெல்லாம் அலுப்பு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் கொடியேற்றம். அதற்கப்புறம் தெரு முழுக்க ஒலிபெருக்கி. அவள் கத்தினாளா என்றுதானே கேட்கிறீர்கள்? கத்தினாள். எனக்குக் கேட்டது. மற்றவர்கள் காதில் விழுந்திருந்தால், ஃப்ளோரன்ஸ் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டாள் என்று போயிருப்பார்கள்.

பிறகு சேலையைக் கிழித்து முறுக்கி, முனையில் ஒரு டம்ளரைக் கட்டி இறக்கினாள். காற்றுக்கு அது ஆடி ஆடிச் சுவரை உரசியது. கத்தரிக்கோலோடு ஏறி வெட்டிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. கீறல் விழுந்த இடத்தில் இன்னொரு கை பூசினேன். அப்புறம் ஜன்னலை மறைத்து மாதா படம் போட்ட ஃப்ளெக்ஸைக் கட்டினேன். அது கமிட்டி இலவசமாகக் கொடுத்தது.

தேர் நின்றது, சார். என் வாசலில் நின்றது. ஃபாதர் தெளித்த தீர்த்தம் அந்த ஃப்ளெக்ஸ் வரைக்கும் தெறித்தது. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. டெரிக் என் தோளில் கை போட்டான். "அசத்திட்ட மாமு. ஆமா, அக்கா எங்க, சவுண்டே காணோம்?" வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறாள் என்றேன். மேலே சத்தம் அடங்கி அதற்குள் சில நாள் ஆகியிருந்தது.

மறுநாள் மீன்காரி மங்கம்மா வந்தாள். படி இருந்த இடத்தில் அக்காவின் செருப்பு கிடந்தது. மேலே ஏறும்போது அங்கேதான் கழற்றிப் போடுவாள். பெயிண்ட் சொட்டியிருந்ததைத் துடைத்து, நான்தான் ஜோடியாக வைத்திருந்தேன்.

"வேளாங்கண்ணிக்குப் போனவங்க செருப்பு இன்னாத்துக்கு இங்க கீது?"

"வெறுங்காலோட நடந்து வர்றதா நேர்ச்சை."

"நாலு படி எறங்கவே அய்யோ அம்மான்னு கத்துவாங்க, அவுங்களா நட்ந்து போனாங்க?"

மங்கம்மா மேலே பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூடையைப் போட்டது போட்டபடி உங்களிடம் ஓடினாள்.

மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளலாமா என்று ஏட்டு கேட்டார். நல்ல மனுஷர். வேண்டாம், சார், மறக்கவில்லை. ஏணி பக்கத்துச் சந்திலேயே சாய்ந்திருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன். ஒரு சொம்பு தண்ணீர் ஏற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் உயிரோடு இருப்பாள், படி கேட்பாள், படி வந்தால் அடுத்த வருஷம் தேர் நிற்காது. அக்காவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே தீயணைப்பு வண்டி வந்துவிட்டது போலிருக்கிறது. அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், சார். ஏணியைச் சுவரில் சாய்ப்பதற்கு முன்னால் அதன் முனையில் ஒரு கோணியைச் சுற்றிக்கொள்ளட்டும். பெயிண்ட் கீறிவிடும்.