கோயம்புத்தூர்க்காரர்கள் வராத ஞாயிறு

அல்போன்சா: ...மாப்ள வீட்டுக்காரங்களுக்கு பஸ்ல சீட் இல்லையாம், நீயும் நம்பறியா டிரேவர்?

டிரேவர்: அவங்க சொன்னதா நீங்கதானே வந்து சொன்னீங்க ஆண்ட்டி? சம்பந்தம் பேசினதும் நீங்கதானே.

அல்போன்சா: சொன்னத சொன்னேன். கோயம்புத்தூர்லேர்ந்து பெங்களூருக்கு பஸ் இல்லையா? பொண்ணு பாக்க வர இஷ்டமில்ல, அதுக்கொரு சாக்கு.

டிரேவர்: சாக்கு இல்ல.

அல்போன்சா: உனக்கெப்படி தெரியும்?

டிரேவர்: விடுங்க ஆண்ட்டி... பேஜாரா இருக்கு. இப்பதான் ஆபீஸ்லேர்ந்து வர்றேன்.

அல்போன்சா: விடற ஆளா நானு? உங்கம்மா மௌரீன் அத்தன பேருக்கு பிரியாணி பண்ணா. உன் தங்கச்சி ஆஞ்சலா அன்னிலேர்ந்து கேட் பக்கமே வரல. அழுது அழுது மூஞ்சி...

டிரேவர்: தெரியும்! ...அவங்க டிக்கெட் பாத்தது எங்க கம்பெனி வெப்சைட்ல.

அல்போன்சா: பாத்தா?

டிரேவர்: எங்க ப்ரோக்ராம் பஸ் ஓனரோட சர்வர்கிட்ட சீட் இருக்கான்னு கேக்கும். அன்னிக்கு அந்த சர்வர் படுத்துடுச்சு. பதிலே வரல.

அல்போன்சா: வரலன்னா?

டிரேவர்: எல்லா பஸ்ஸும் ஃபுல்லுன்னு காட்டிடுச்சு.

அல்போன்சா: அடப்பாவி! எந்த மகராசன்டா அப்படி எழுதி வெச்சான்?

டிரேவர்: அத எழுதினது... வேற யாருமில்ல ஆண்ட்டி.

அல்போன்சா: நீயா!

டிரேவர்: எரர்னு காட்டினா ஜனங்க பயந்துடுவாங்க, மரியாதையா எதையாவது காட்டுன்னு மேனேஜர் சொன்னாரு...

அல்போன்சா: நல்ல மரியாதை! பஸ்ஸு காலியா ஓடுது, இங்க பிரியாணி ஆறுது.

டிரேவர்: இப்ப மாத்திட்டேன். பதில் வரலன்னா கொஞ்சம் விட்டு விட்டு மறுபடி கேக்கும். அப்பவும் வரலன்னா, 'இப்போதைக்குத் தெரியல, அப்புறம் பாருங்க'ன்னு உள்ளதச் சொல்லிடும்.

அல்போன்சா: அம்மாகிட்ட சொன்னியா?

டிரேவர்: எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு? முதல்ல மாப்ள வீட்டுக்கு விஷயத்தச் சொல்லி, அடுத்த ஞாயிறு வரச் சொல்லணும். போன் பண்ணிட்டே இருக்கேன். எடுக்க மாட்டேங்கறாங்க.

அல்போன்சா: ...எடுக்க மாட்டாங்க.

டிரேவர்: ஏன்?

அல்போன்சா: காப்பி குடிக்கிறியா கண்ணு?

டிரேவர்: ஆண்ட்டி... ஏன்?

அல்போன்சா: சாக்குன்னு சொன்னதெல்லாம் என் தப்ப மறைக்கத்தான். அன்னிக்கு சாயங்காலமே என்னைக் கூப்ட்டாங்கடா. ட்ரெயின் புடிச்சு மறுநாள் வரட்டுமான்னு கேட்டாங்க. உங்க வீட்டுக்கு ஒரே ஒரு தடவ போன் அடிச்சேன், யாரும் எடுக்கல. பக்கத்து வீடு, ஒரு குரல் குடுத்திருக்கலாம்... கோவத்துல எடுக்கலன்னு நானே முடிவு பண்ணி, பொண்ணு வீட்ல வேணாங்கறாங்கன்னு சொல்லிட்டேன்.