ஆற விட்ட இரும்பு

ஒரு துண்டு இரும்புக்கு மூணு தரம் மலை ஏற வெக்கறீங்களேம்மான்னு சொன்னீங்க பாருங்க, அந்தப் பேச்ச மொதல்ல வாபஸ் வாங்குங்க. நானா ஏறி வரச் சொன்னேன்? வேணுங்கறவரு உங்க மொதலாளி. அவரே வந்திருக்கலாம். அவருக்கு மலை ஏறுனா தல சுத்தும். எங்க ஊட்டுச் சாவுக்கும் தல சுத்திருச்சு, மாலைய மட்டும் வேன்ல ஏத்தி உட்டாரு.

உக்காருங்க பிரபாகர். அதுல இல்ல, அது எங்க ஊட்டுக்காரரு நாற்காலி. இதுல உக்காருங்க. காப்பியக் குடிங்க. எங்க தோட்டத்துக் காப்பிதான், சிக்கரி கலக்கல, மூஞ்சிய அப்படிச் சுளிக்காதீங்க. என் சேலையில சேறு இருக்குதுன்னு பாக்கறீங்களா? மழையில சேறு ஆகத்தான் செய்யும். டிரைவரப் பத்திக் கவலப்படாதீங்க. ஐயாக்கண்ணு அடுப்படியில சாப்பட்டுட்டு இருக்கறான். காலையில இருந்து டீத்தண்ணி மட்டுந்தானாம், உங்க கம்பெனி லட்சணம் அது.

தெரியும், தெரியும். வர்ற புதன்கிழம கோர்ட்டு. அதுக்குள்ள அந்தத் துண்டு உங்க கைக்கு வரோணும். செம்மநத்தம் ரோட்டுல ஜீப்பு கவுந்து எங்க ஊட்டுக்காரரு செத்ததுக்கு மாதேஷ்தான் காரணம், கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுனான்னு எழுதி வெச்சிருக்காங்க. மாதேஷு! அவன் ஜீப்புல நீங்க ஏறியிருக்கீங்களா? அதுக்கு நடந்தே போயிரலாமுங்க. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சு அவனுக்கே தொண்ட கட்டிக்கும். அவன் மேல ஸ்பீடுன்னு கேஸு. இப்ப ஜாமீன்ல வந்து ஊட்டுக்குள்ளயே கெடக்கறான். அவன் சம்சாரம் சசிகலா தெனமும் அந்த வேலி ஓரமா வந்து நிக்கறா. எதுவும் கேக்கறதில்ல. உள்ள வா கண்ணுன்னாலும் வர்றதில்ல. நின்னுட்டுப் போயிருவா. கேட்டுத் தொலச்சாலாவது நாலு வார்த்த திட்டி அனுப்பலாம்.

ஸ்டியரிங்குல இருந்து சக்கரத்துக்குப் போற கை அது, ஆர்ம்னு சொல்லுவாங்க. ஒரு சாண் இரும்பு. வளைவுல அது ஒடஞ்சா ஸ்டியரிங் எந்தப் பக்கம் போனா என்ன, சக்கரம் போற பக்கந்தான் வண்டி போகும். ஒரு பாதி ஜீப்போட இருந்துச்சு. போலீஸ்காரங்க ஜீப்ப நிறுத்தி வெச்ச எடத்துல இருந்து அது காணாமப் போயிருச்சு. எப்படிப் போச்சுன்னு நான் உங்களக் கேக்கல. மறு பாதிய உண்ணிச் செடிக்குள்ள நாந்தான் பொறுக்கினேன். அடக்கம் முடிஞ்ச மறுநாளு. எல்லாரும் நான் அவரு செருப்பத் தேடறேன்னு நெனச்சாங்க.

இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்னு கேக்கறீங்களா? ஏனுங்க தம்பி, நான் கான்வென்ட்ல படிச்சவ. கெமிஸ்ட்ரில சிஸ்டர்கிட்ட அடி வாங்காத ஒரே ஆளு. போதாததுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் ஃபோர்மேனக் கட்டிக்கிட்டேன். மத்த பொம்பளைங்களுக்குப் புருசன் சினிமாக் கத சொல்லுவான். எனக்குச் சோத்துல கை வெச்சதும் கார்பைடு.

நெய்ய வெச்சுத்தான் சொல்லுவாரு. நெய்யி காயயில எல்லாம் கரஞ்சு தண்ணியாட்டம் நிக்கும். சடக்குன்னு குளுர வெச்சா மழமழன்னு இருக்கும், மெதுவா ஆற உட்டா மணி மணியாக் கட்டும். எஃகும் அப்படித்தானாம். நல்ல சூட்டுல கார்பன் உள்ளயே கரஞ்சிருக்கும். அப்படியே எண்ணெயில முக்குனா ஓடி ஒளிய நேரமில்லாம மாட்டிக்கும். இரும்பு வெறச்சுக்கும், கண்ணாடியாட்டம். பொறவு அத அளவாச் சுட வெச்சா, அந்தக் கார்பன் குரோமியத்தோட சேந்து கார்பைடாகிப் பொடிப்பொடியா எல்லாப் பக்கமும் பரவி உக்காரும். பொடியாப் பரவுன கார்பைடுதான் இரும்புக்கு ஒடம்புல ரத்தம்னு சொல்லுவாரு. ரசம் ஆறிப் போகும், அவரு பேச்சு ஆறாது.

இருங்க, முடிக்கல. இந்த ஆர்ம் செய்யற நிக்கல் குரோமியம் ரகம் இருக்குதே, அதச் சுட வெச்சதும் வெளிய எடுத்துச் சீக்கிரம் குளுர வெக்கோணும். உலைக்குள்ளயே ஆற உட்டீங்கன்னா, கார்பைடும் கூட இருக்கற அழுக்கும் இரும்புக்குள்ள மணிக்கும் மணிக்கும் நடுவுல இருக்கற சந்துல போயி வரிசையா உக்காந்துக்கும். செங்கல்லு எல்லாம் நல்ல செங்கல்லு, நடுவுல பூசுன கலவ உளுத்துப் போச்சுன்னா செவுரு நிக்குமா? பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு குலுக்கு, ஒரு குளுரு, அந்தச் சந்து வழியாப் பொளந்துக்கும். நான் பொறுக்குன துண்டுல வாய் பொளந்த எடத்தப் பாத்தீங்கன்னா சக்கரய அள்ளி ஒட்டுனாப்ல மினுங்குது. அத மைக்ராஸ்கோப்புல பாக்க விடக்கூடாதுன்னுதான உங்கள அனுப்பிருக்காங்க?

தேவசிகாமணி ஐயா பேரு கெட்டுரும்னு உங்க மொதலாளி அழுதாராமே. அழுவாரு. தப்பு எங்க ஊட்டுக்காரரோடதுதான், நான் இல்லைங்கல. பெரிய வெள்ளிக்கிழம மத்தியானம். உங்க பட்டறையில பாதிப் பேரு எங்க கோயில்காரங்க, எல்லாரும் சிலுவப்பாதைக்கு மலை ஏறோணும். தட்டு நெறைய ஆர்ம் உலைக்குள்ள. எடுத்து முக்கிட்டு வந்தா பஸ் போயிரும். வருசா வருசம் கடேசி ஸ்தலத்துல சிலுவ தூக்கறவரு அவரு. கரண்ட்ட அணச்சுக் கதவச் சாத்திட்டு வந்துட்டாரு. சிலுவையத் தோள்ல வெச்சுட்டு நிக்கயிலயே மூஞ்சி சரியில்ல. வெரதம்னு நெனச்சேன்.

ஈஸ்டர் முடிஞ்சு வேலைக்குப் போனதும் மொதலாளிகிட்டச் சொல்லிட்டாரு. மறைக்கல. மறுபடி சுட வெச்சுச் சட்டுன்னு எடுத்துக் குளுர வெச்சா அந்த நோவு போயிரும், ஒரு நாளு குடுங்கன்னு கேட்டாரு. மன்னிப்பு இல்லாத பாவம் இல்ல அது. உங்க மொதலாளி என்ன பண்ணுனாரு? மெஷின்ல வெச்சு அழுத்திக் கடினம் பாக்கச் சொன்னாரு. நம்பரு சரியா வந்துச்சு. நம்பரு சரியாத்தான் வரும், இந்த நோவு அந்த நம்பருல தெரியாதுன்னு எங்காளு தலபாடா அடிச்சுக்கிட்டாரு. சரக்கு கெளம்பிருச்சு. அன்னிக்கு மெஷின் முன்னாடி நின்னு நம்பரப் படிச்சது யாருங்க பிரபாகர்?

சரி, உடுங்க. குனியாதீங்க. காப்பியக் குடிங்க.

அதுக்குப் பொறவு அவரு மனுசனா இல்ல. அந்தத் தட்டு ஆர்ம் ஒவ்வொண்ணுலயும் அவரு பஞ்ச் அடிச்ச சின்னச் சிலுவக் குறி இருக்கும். லீவு நாளெல்லாம் ஜீப் ஸ்டாண்டுல போயி ஒவ்வொரு ஜீப்புக்கும் அடியில குனிஞ்சு பாப்பாரு. குறி இருந்தா கழட்ட வெப்பாரு. எங்க ஊட்டுக் கரண்டி ஒண்ணு எப்பவும் சட்டப் பையில. அதால ணங்குன்னு தட்டுவாரு. தட்டுனாலும் தெரியாதுன்னு அவருக்கே தெரியும், ஆனாலும் தட்டுவாரு. டிரைவருங்க, ஐயா ஜீப்புக்கு ஞானஸ்நானம் குடுக்கறாருன்னு சிரிப்பாங்க. நானுங்கூடச் சிரிச்சேன்.

செம்மநத்தத்துல ஒரு ஜீப்புக்குப் புது ஆர்ம் மாட்டிருக்குன்னு தலைச்சோலையில யாரோ சொன்னாங்க. மழ வர்றதுக்குள்ள பாத்துட்டு வந்தர்றேன்னு கெளம்புனாரு. வழியில மாதேஷு வந்தான், கை காட்டி ஏறிட்டாரு. ஊரு ஜீப்பெல்லாம் குனிஞ்சு பாத்த மனுசன், அவசரத்துல ஏறுன ஜீப்புக்கு அடியில குனியல.

கரண்டி கெடைக்கல. பையிலயும் இல்ல, பள்ளத்துலயும் இல்ல. ஆனா பனி எறங்கி, ரோட்டுல ஒரு ஜீப்பு போச்சுன்னா, கேட்டுப் பக்கம் ணங்குங்குது. நான் எழுந்து போவேன். ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. ஃபாதர்கிட்டச் சொன்னேன், ஜெபம் பண்ணும்மான்னாரு. பண்றேன். ஜெபத்துக்கு நடுவுலயும் தட்டுது. நான் பேய நம்பறவ இல்ல, கான்வென்ட்ல அதுக்கும் அடி உண்டு. கணக்கு முடியாத மனுசன் வேற என்ன பண்ணுவான்னு தோணுது, அவ்வளவுதான்.

எழுந்திரிக்காதீங்க. எங்க போறீங்க? ஐயாக்கண்ணக் கூப்புடவா? அவன் இன்னும் மோரு ஊத்திக்கல.

துண்டு வேணுமா? அது இங்க இல்லைங்க. காலையிலயே சசிகலா கையில குடுத்துட்டேன். வக்கீல்கிட்டப் போயிருச்சு. அவரு பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகட்டும். ஓட்டுனவன் பேரு ஏன் கெடோணும்? வேலி ஓரமா ஒருத்தி நின்னுட்டே இருந்தா நான் எத்தன நாளைக்குத் திரைய இழுத்து உட்டுக்கறது?

அப்பறம் ஏன் உங்கள உக்கார வெச்சுப் பேசறேன்னு பாக்கறீங்க. போன ரெண்டு தரமும் நீங்க ஜீப்பக் கீழ வளைவுலயே நிறுத்திட்டு நடந்து வந்தீங்க. இன்னிக்கு மழைன்னு ஐயாக்கண்ணு எங்க வாசக் கேட்டு வரைக்கும் கொண்டாந்துட்டான். கல்லுல ஒட்டி, சக்கரத்த வெளிப் பக்கமாத் திருப்பி நிறுத்திருக்கான். இப்பல்லாம் எந்த ஜீப்பப் பாத்தாலும் எனக்கு முட்டி தானா மடியுது. நீங்க வாசல்ல போன் பேசிட்டு நின்னீங்களே, அப்பக் கொடையப் புடிச்சுட்டு மண்டி போட்டுப் பாத்தேன். சேறு அதுதான்.

சிலுவக் குறி நல்லா தெரியுது.

சாவியத் தேடாதீங்க. என் முந்தானையில முடிஞ்சிருக்குது. ஐயாக்கண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், சோறு எறங்காம உக்காந்திருக்கறான். இப்ப ஒரு பஸ் வரும், ரெண்டு பேரும் அதுல எறங்கிப் போங்க. அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு. அந்தச் சன்னல் பக்கம் டவர் கெடைக்கும். உங்க மொதலாளிக்குப் போனப் போட்டு, அந்தத் தட்டுல இருந்த மீதி ஆர்மெல்லாம் எந்தெந்தக் கடைக்குப் போச்சுன்னு கேளுங்க. நீங்க வந்த ஜீப்புலயே ஒண்ணு இருக்குதுன்னும் சொல்லுங்க. நான் கேட்டா போன வெச்சிருவாரு. நம்பரு படிச்சவரு கேட்டா பதில் சொல்லித்தான் ஆகோணும்.

என்னங்க தம்பி. போன் கையிலதான இருக்குது.

போடுங்களேன்.